வண்ண மீன் வாங்கக் கொளத்தூர் போகலாமா?

சென்னையில் மீன் என்றால் காசிமேடு, சிந்தாதிரிப்பேட்டை என்றுதான் வாயில் வரும். அது குழம்புக்கு. கண்ணுக்கு வேண்டிய மீனுக்கு வேறு இடம் இருக்கிறது. வில்லிவாக்கத்தைத் தாண்டி ரெட்டேரிக்குப் போகிற வழியில் இருக்கும் கொளத்தூர்தான் அது.

இந்தப் பகுதியில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு வண்ண மீன்தான் சோறு போடுகிறது. மொட்டை மாடியிலும் கொல்லையிலும் சிமென்ட் தொட்டி கட்டிக் குஞ்சு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி ஒட்டித் தொட்டி செய்கிறவர்கள், மீனுக்குத் தீனியாகப் புழு விற்கிறவர்கள், மீன்களைப் பையில் அடைத்து வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் என்று அவரவருக்கு ஒரு வேலை. நம் தெருவில் நாலு கடைக்கு ஒரு டீக்கடை இருக்குமே, அது மாதிரி இங்கே மீன் கடை! திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் குளம் வெட்டி வளர்க்கிற மீன்களும் இங்கேதான் வந்து சேருகின்றன.

"பரீட்சை முடிஞ்சதும் மீன் தொட்டி வாங்கித் தரியா?" என்று உங்கள் வீட்டிலும் ஒரு வாண்டு நச்சரித்துக்கொண்டிருக்கலாம். கடைக்குப் போனால் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கண்ணைப் பறிக்கும். எதை வாங்குவது, எதை விடுவது? நாங்கள் கொளத்தூர் போய் வந்த கதையைச் சொன்னால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சின்னவளின் கேள்வி

எங்கள் வீட்டில் நச்சரிப்பு இல்லை. பயம்தான் இருந்தது. மாடி வீட்டில் தீபாவளிக்குப் புதுத் தொட்டி வாங்கினார்கள். அன்றைக்கே தண்ணீர் ஊற்றி, அன்றைக்கே 12 மீன்களை விட்டார்கள். கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், கப்பி என்று எல்லாம் கலந்து. குழந்தைகள் ஒவ்வொன்றுக்கும் பேர் கூட வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ஒன்று மிதந்தது. பத்து நாளில் ஒன்றே ஒன்று மிச்சம். ஒன்பது வயதான என் சின்னவள் தினமும் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள்.

என் மாமியார் அவளைச் சமாதானப்படுத்தினார். "அழாதடி கண்ணு. அந்த வீட்டுக்கு வர இருந்த கஷ்டத்தை எல்லாம் மீன் வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு. நல்லதுதான்."

அவள் விடவில்லை. "பாட்டி, அவங்களுக்கு 11 கஷ்டமா வர இருந்துச்சு?"

மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எனக்கு அந்தக் கேள்வி மனதில் நின்றுவிட்டது. அப்பாவுக்கு மீன் வளர்க்க ஆசை என்று தெரிந்தபோதும், "வேண்டாம்மா, நம்ம வீட்டுலயும் செத்துப் போயிடும்" என்றாள். உயிரோடு ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்தால் அது சாகத்தான் செய்யும் என்று ஒரு குழந்தை முடிவு கட்டிவிடலாமா? அதற்காகவே இதை ஒழுங்காகச் செய்து பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

முதலில் தண்ணீர், பிறகுதான் மீன்

என் கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் 20 வருஷமாக மீன் வளர்க்கிறார். அவரை ஒரு ஞாயிறு சாப்பிடக் கூப்பிட்டு, மாடி வீட்டுக் கதையைச் சொன்னேன். "மீன் மேல தப்பில்லை சிஸ்டர், தண்ணி இன்னும் தயாராகலை" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் தண்ணீரில் அமோனியா என்ற விஷமாக மாறும. பழகின தொட்டியில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை நுண்ணுயிர் அந்த அமோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரேட் ஆக்கும். இதனால் அவ்வளவு கெடுதல் இல்லை. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்த நல்ல நுண்ணுயிர்கள் ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியில் அவை இல்லை. அன்றைக்கே 12 மீனை விட்டால், அவை தங்கள் கழிவிலேயே மூச்சு முட்டிச் சாக வேண்டியதுதான்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பாலில் உறை விடாமல் தயிர் வருமா? இதுவும் அப்படித்தான்! அவரும் சிரித்துக்கொண்டே, "சரியாச் சொன்னீங்க. என் தொட்டி ஸ்பாஞ்சுல ஒரு துண்டு தரேன், அதுதான் உறை மோர்" என்றார்.

தை பிறந்ததும் தொட்டி வந்தது. இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒண்ணேகால் அடி உயரம். விளிம்பு வரை ஊற்றினால் 88 லிட்டர் பிடிக்கும். மேலே கொஞ்சம் இடம் விட்டு, கூழாங்கல்லும் போட்ட பிறகு சுமார் 75 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்தால் எடை 100 கிலோவை நெருங்கும். டீப்பாய், பழைய டி.வி. ஸ்டாண்டு எல்லாம் தாங்காது. நாங்கள் இரும்பு ஸ்டாண்டு வாங்கி, வெயில் படாத சுவரோரமாக வைத்தோம். வெயில் பட்டால் தண்ணீர் சூடாகும், பாசியும் பிடிக்கும்.

கூழாங்கல்லை வெறும் தண்ணீரில் பல தடவை அலசினேன். சோப்பு, சோப்புத்தூள் எதுவும் கூடாது. இதற்கென்றே ஒரு புது வாளி ஒதுக்கிவிட்டேன். குழாய்த் தண்ணீரில் கிருமி நாசினியாகக் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளைப் புண்ணாக்கும், நல்ல நுண்ணுயிரையும் கொன்றுவிடும். அதனால் தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் முழுக்க வைத்திருந்தே ஊற்றினோம். அவசரமென்றால் குளோரினை முறிக்கிற சொட்டு மருந்து மீன் கடைகளிலேயே கிடைக்கிறது.

பிறகு மீனே இல்லாத தொட்டியில் ஃபில்டரை ஓடவிட்டு, அந்த ஸ்பாஞ்சுத் துண்டையும் உள்ளே போட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி தூவினோம். அது அழுகி அமோனியா உண்டானால்தானே நுண்ணுயிருக்குச் சாப்பாடு! பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "என்ன, மீன் இல்லாத தொட்டிக்குத் தீனி போடறீங்க?" என்று கேலி செய்தார்கள். சின்னவள் மட்டும் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தாள். தண்ணீரைச் சோதிக்கிற சிறு பெட்டி ஒன்று கிடைக்கிறது. தொட்டித் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஐந்தாவது வாரம் அமோனியாவும் நைட்ரைட்டும் சுத்தமாக இல்லை என்று காட்டியது. அப்புறம்தான் கொளத்தூர்ப் பயணம்.

ரயிலில் ஒரு பழைய கதை

குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் போய், சாலையைக் கடந்து சென்ட்ரல் பக்கம் உள்ள மூர் மார்க்கெட் வளாகத்துக்குப் போனோம். அங்கிருந்து அரக்கோணம் பக்கம் போகிற புறநகர் ரயில் பிடித்தால் பேசின் பிரிட்ஜ், பெரம்பூர் எல்லாம் தாண்டி வில்லிவாக்கம் வந்துவிடும். மாமியாரும் கூட வந்திருந்தார்.

"இங்கேதான் மூர் மார்க்கெட் இருந்துச்சு. கிளி, புறா, முயல், கலர் மீன் எல்லாம் இங்கேதான் வாங்குவோம். ஜாடியில ரெண்டு மீனைப் போட்டு எங்கப்பா வாங்கித் தந்தார்" என்றார். சிவப்புக் கட்டடமாக நின்ற அந்த மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கிரையாகிவிட்டது. இப்போது அந்த இடத்தில்தான் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது.

"அந்த ரெண்டு மீன் எவ்வளவு நாள் இருந்துச்சு பாட்டி?" என்றாள் சின்னவள்.

மாமியார் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "ஞாபகமில்லைடி" என்றார். ஞாபகம் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

வில்லிவாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். "மீன் கடைக்கா?" என்று ஆட்டோக்காரரே கேட்டுவிட்டார்.

கண்ணைப் பறிக்கும் கூட்டம்

காலை வேளை. கடைக்குக் கடை தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். காற்றுப் பம்புகளின் சத்தம் தேனீக் கூட்டம் மாதிரி காதில் விழுகிறது. தரையெல்லாம் ஈரம்; ரப்பர் செருப்பில் போவதே நல்லது. ஊதின பாலிதீன் பைகள் குவியல் குவியலாக, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மந்தை மீன்! எங்கள் சின்னவள் பயத்தையெல்லாம் மறந்து கண்ணாடிக் கண்ணாடியாக மூக்கை ஒட்டிக்கொண்டு நடந்தாள்.

நாங்கள் எடுத்த எடுப்பில் எதையும் வாங்கவில்லை. ஒரு மணி நேரம் வெறுமனே சுற்றினோம். புடவைக் கடையில் செய்வோமே, அதே மாதிரி. ஒவ்வொரு மீனைப் பற்றியும் மூன்றே கேள்விகள் கேட்டேன். வளர்ந்தால் எவ்வளவு பெரிசு ஆகும்? எங்கள் வீட்டுத் தண்ணீர் இதற்கு ஒத்துக்கொள்ளுமா? யாரோடு இது சேர்ந்து இருக்கும்?

இந்த மூன்று கேள்வியைக் கேட்டதும் பாதி மீன்கள் தாமாகவே விலகிவிட்டன.

கோல்டு ஃபிஷ்: எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். சீனாவில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக வளர்த்து வந்த மீன் இது, கெண்டை ஜாதி. கடையில் ஒன்றரை அங்குலம் இருப்பது வளர்ந்தால் 6, 8 அங்குலம் ஆகும். கழிவும் மிக அதிகம். குளிர்ந்த தண்ணீர்தான் அதற்குச் சுகம். நம் சென்னைச் சித்திரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நன்றாக வைத்துக்கொண்டால் 10 வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய மீனை உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு 10 நாளில் கொல்வது என்ன நியாயம்?

ஏஞ்சல்: பறக்கிற பட்டம் மாதிரி அழகு. ஆனால் வளர்ந்தால் செட்டையோடு சேர்த்து அரை அடி உயரம் ஆகும். உயரமான தொட்டி வேண்டும். வாயில் அடங்குகிற சின்ன மீன்களை விழுங்கிவிடும்.

நியான் டெட்ரா: நீலமும் சிவப்புமாக மின்னும். அமேசான் பக்கத்து மீன். உப்புச் சத்து இல்லாத மென்மையான தண்ணீரில் பிறந்தது. நம் போர் தண்ணீரில் கஷ்டப்படும்.

ஃபைட்டர்: தாய்லாந்துப் பக்கத்து மீன். ஆண் மீன் இரண்டைச் சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும். மேலே வந்து காற்றைச் சுவாசிக்கிற சக்தி இதற்கு உண்டு. அதனால் கடையில் சின்னக் கிண்ணத்தில் வைத்து விற்கிறார்கள். உயிர் பிழைத்திருப்பது வேறு, வாழ்வது வேறு அல்லவா? இதற்கும் தனித் தொட்டி, சுத்தமான தண்ணீர் எல்லாம் வேண்டும்.

டைகர் பார்ப்: வரி போட்ட சுறுசுறுப்பான மீன். ஆனால் நீளச் செட்டை உள்ள மீனைக் கண்டால் விடாது. கடித்துக்கொண்டே இருக்கும். ஏஞ்சலோடும் கப்பியோடும் இதைச் சேர்க்கக் கூடாது.

ஃபிளவர் ஹார்ன், அரோவானா: "வாஸ்துக்கு நல்லதும்மா" என்று சொல்லித்தான் இவற்றை விற்கிறார்கள். வாஸ்து நம்பிக்கை அவரவர் இஷ்டம். அளவை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிளவர் ஹார்ன் ஒரு அடி வரை வளரும், வேறு மீனைச் சேர்க்காது. அரோவானா இரண்டு அடிக்கு மேல் போகும். அதற்கு ஒரு அறை அளவுக்குத் தொட்டி வேண்டும்!

சக்கர்: "டேங்க் கிளீனர், அழுக்கை எல்லாம் தின்னுடும், தொட்டி கழுவவே வேணாம்" என்றார் ஒரு கடைக்காரர். நமக்கு வேலை மிச்சம் என்றால் மனம் சபலப்படத்தான் செய்யும். பாசியைக் கொஞ்சம் சுரண்டும், உண்மைதான். ஆனால் விரல் நீளத்தில் வாங்கினது ஒரு அடிக்கு மேல் வளரும். தொட்டியிலேயே அதிகமாக அழுக்கு பண்ணுவதும் அதுதான். வளர்ந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் பலர் ஏரியிலும் கிணற்றிலும் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் இப்போது தமிழ்நாட்டு ஏரிகளிலும் பெருகிவிட்டது. மீனவர்கள் வலையைக் கிழிக்கிறது, நம் நாட்டு மீன்களின் தீனியைப் பறிக்கிறது. எந்தத் தொட்டி மீனையும் ஏரி, குளத்தில் விடாதீர்கள். கடையிலோ வளர்க்கிறவரிடமோ திருப்பிக் கொடுங்கள்.

ஒரு கடையில் உடம்பெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்த சின்ன மீனின் முதுகில் மட்டும் பளபளவென்று ரோஸும் பச்சையும். சின்னவள் கேட்டாள், "இது பொறக்கும்போதே இப்படியா?" இல்லை. நம் நாட்டுக் கண்ணாடி மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றுகிறார்கள். கொஞ்ச நாளில் சாயம் வெளுத்துவிடும். ஊசி குத்தின இடத்தில் நோயும் வரும். "வேண்டாம்மா, வா போலாம்" என்று அவளே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

எங்கள் தண்ணீருக்கு ஏற்ற மீன்

கடைசியாக ஒரு சந்துக்குள் இருந்த சின்னக் கடையில் நின்றோம். அங்கே ஒரு அம்மாள், ஐம்பது வயது இருக்கும், வலையால் குஞ்சுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே அவர் கேட்டார்.

"உங்க வீட்டுல வெந்நீர் போடற பாத்திரம் அடியில வெள்ளையாப் படியுதா?"

"படியுதே! வாரத்துக்கு ஒரு தடவை புளி போட்டுத் தேய்க்கிறேன்."

"அப்போ கடினத் தண்ணி. கப்பி, மாலி, பிளாட்டி, வாள்வால் இதெல்லாம் எடுத்துக்கோம்மா. அதுங்களுக்கு அந்தத் தண்ணிதான் பிடிக்கும்."

பாருங்கள், பாத்திரத்தின் அடியைக் கேட்டே மீனைச் சொல்லிவிட்டார்! இவர் சொன்ன நான்கும் முட்டையிடாமல் குஞ்சு போடுகிற வகை. மாலி, பிளாட்டி, வாள்வால் மூன்றும் மெக்ஸிகோவும் அதைச் சுற்றின நாடுகளும் பிறப்பிடமாகக் கொண்டவை. கப்பி தென் அமெரிக்காவின் வடக்குப் பகுதியையும் டிரினிடாட் தீவையும் சேர்ந்தது. 1866-ல் டிரினிடாடிலிருந்து இந்த மீனை லண்டன் மியூசியத்துக்கு அனுப்பிய கப்பி என்பவரின் பேரே அதற்கு நிலைத்துவிட்டது. கொசுப் புழுவைத் தின்னும் என்பதால் கிணறுகளில் விடுகிறார்களே, அந்தக் கப்பிதான் இது.

சிலர் "ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் இன்னும் சுத்தமாக இருக்குமே" என்று நினைப்பார்கள். அந்தத் தண்ணீரில் தாது உப்புகள் எல்லாம் போய்விடுவதால், இந்த மீன்களுக்கு அது ஆகாது.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். இவை பெருகும்! சுமார் நாலு வாரத்துக்கு ஒரு பிரசவம். ஒரு தடவை ஆணோடு சேர்ந்தால் பல மாதத்துக்கு அடுத்தடுத்துக் குஞ்சு போடும். "குஞ்சு வேணாம்னா ஆண் மட்டும் எடுத்துக்கோ. ஜோடி ஜோடியா வேணாம். ஒரு ஆணுக்கு ரெண்டு பொண்ணு இருந்தாத்தான் பொண்ணு நிம்மதியா இருக்கும். இல்லாட்டி ஓயாம துரத்திக்கிட்டே இருப்பான்" என்றார் அந்த அம்மாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டோம்.

அப்புறம் ஜீப்ரா மீன். உடம்பில் நீல வரி ஓடும், இரண்டு அங்குலத்துக்கு மேல் வளராது. இது நம் நாட்டு மீன். கங்கைப் பகுதியைச் சேர்ந்தது. தனியாக இருந்தால் பயப்படும், குறைந்தது ஆறாவது சேர்ந்து இருக்க வேண்டும். மேலும் கீழும் ஓடிப் பிடித்து விளையாடும். புதுத் தொட்டியில் முதலில் விட ஏற்ற திடமான மீன்.

தொட்டியில் எத்தனை மீன் விடலாம்? பழையவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். சின்ன மீனுக்கு, வளர்ந்த பிறகு வரும் நீளத்தில் ஒரு அங்குலத்துக்கு 4 லிட்டர் தண்ணீர். எங்கள் 75 லிட்டருக்கு 18 அங்குலம் ஆகிறது. ஆறு ஜீப்ராவுக்கு 12, மூன்று பிளாட்டிக்கு 6. கணக்கு முடிந்தது! மின்சாரம் போய் ஃபில்டர் நின்றாலும் கொஞ்ச மீன் இருக்கிற தொட்டி தாக்குப் பிடிக்கும்.

அன்றைக்கு ஆறு ஜீப்ராவை மட்டுமே வாங்கினோம். "இவ்வளவு தூரம் வந்து ஆறே மீனா?" என்றார் மாமியார். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் நுண்ணுயிர்களால் சமாளிக்க முடியாது. இரண்டு வாரம் கழித்து என் கணவர் மறுபடி போய்ப் பிளாட்டி வாங்கி வந்தார். ஆண் ஒன்று, பெண் இரண்டு.

நல்ல மீனுக்கு அடையாளம்

கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறோம். மீனையும் அப்படிப் பார்க்க வேண்டும். செட்டை விரிந்து இருக்கிறதா, மடங்கி ஒட்டிக் கிடக்கிறதா? உடம்பில் ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி இருக்கிறதா? அது தொற்று நோய். வயிறு ஒட்டிப் போயிருக்கிறதா? மூலையில் ஒதுங்கி நிற்கிறதா? அதே தொட்டியில் செத்த மீன் ஏதாவது கிடக்கிறதா? கிடந்தால் அந்தத் தொட்டியில் எந்த மீனும் வேண்டாம். கொஞ்சம் தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஓடி வந்து தின்றால் நல்ல மீன்.

வீட்டுக்கு வந்த பிறகு

பையில் பாதிக்கும் குறைவாகத் தண்ணீர், மீதிக்கு ஆக்ஸிஜன் அடைத்து, ரப்பர் பேண்டு போட்டுத் தருகிறார்கள். துணிப்பைக்குள் வைத்து இருட்டாகக் கொண்டு வந்தால் மீன் மிரளாது. வீட்டுக்கு வந்ததும் பையை அப்படியே தொட்டியில் 20 நிமிஷம் மிதக்கவிட்டோம். இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரவேண்டும். பிறகு பையைத் திறந்து தொட்டித் தண்ணீரை டம்ளர் டம்ளராக, இடைவெளி விட்டு உள்ளே ஊற்றினோம். கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விட்டோம். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அன்றைக்கு விளக்குப் போடவில்லை, தீனியும் போடவில்லை.

சின்னவள் ராத்திரி மூன்று தடவை எழுந்து வந்து எண்ணினாள். "ஆறும் இருக்கும்மா."

இப்போது இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. தினம் இரண்டு வேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவுதான் தீனி. யாராவது ஒருவர்தான் போட வேண்டும். பாட்டி ஒரு தரம், பேரன் ஒரு தரம் என்று போட்டால் மிச்சமெல்லாம் அழுகும். வாரத்துக்கு ஒரு தடவை கால் பங்கு தண்ணீரை மாற்றுகிறேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிகிறேன். குழாயடியில் கழுவினால் உறையும் சேர்ந்து போய்விடுமே! கொசு மருந்து, கரப்பான் மருந்து அடிக்கிற அறையில் தொட்டி இருக்கக் கூடாது. அந்த மருந்து நமக்குத் தும்மலோடு போகும், மீனுக்கு உயிரோடு போகும்.

பிளாட்டி ஒன்று குஞ்சு போட்டது. பலவற்றை மற்ற மீன்கள் தின்றுவிட்டன; இயற்கை அப்படித்தான். பாசிச் செடிக்குள் ஒளிந்த நான்கு பிழைத்து வளர்கின்றன. பெரிசானதும் எங்களுக்கு ஸ்பாஞ்சு தந்த நண்பர் வீட்டுக்கு அவற்றைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.

மாடி வீட்டுக் குழந்தைகள் இப்போது சின்னவளிடம் யோசனை கேட்கிறார்கள். அவளும் பெரிய மனுஷி மாதிரி, "முதல்ல தண்ணியைத் தயார் பண்ணுங்க" என்கிறாள். என் மாமியார் கஷ்டத்தை வாங்கிக்கொண்டு போகிற கதையை இப்போது சொல்வதில்லை. "நாம குடுத்த கஷ்டத்தைத்தான் அதுங்க வாங்கிக்கிட்டுப் போகுதுங்க" என்று அன்றைக்குப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

போகிறவர்கள் கவனத்துக்கு: ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும். முடிந்தால் வார நாளில், வெயில் ஏறுவதற்கு முன் போய் வாருங்கள். உங்கள் தொட்டியின் நீள, அகல, உயரத்தைச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப் போனால் சில கடைகளில் பார்த்துச் சொல்வார்கள். குழந்தைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஆனால் தொட்டியை ஓடவிட்டு ஒரு மாதமாவது ஆன பிறகு!